தின்னர், பென்சீன், குரோமோசோம்: பட்டறையில் நடப்பதும் பரிசோதனை சொல்வதும்

ஒரு லிட்டர் தின்னர். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 மி.லி., இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்சீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள பட்டறை அறை. ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தின்னர் முழுவதையும் கலந்து அடித்து முடிக்கிறார்கள். தின்னரின் வேலையே ஆவியாகிப் போவதுதான். பெயிண்ட் காய்ந்துவிட்டது என்றால் அந்த 10 மி.லி. பென்சீனும் அறைக் காற்றுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

10 மி.லி. பென்சீனின் எடை 8.8 கிராம். 25 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 2.75 லிட்டர் ஆவி. அறையின் கொள்ளளவு 60,000 லிட்டர். வகுத்துப் பார்த்தால் பத்து லட்சத்தில் 46 பங்கு, 46 பிபிஎம். அமெரிக்கத் தொழிலிடச் சட்டம் 1987 முதல் அனுமதிப்பது 8 மணி நேரச் சராசரியாக 1 பிபிஎம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் 0.5 ஆகக் குறைத்தது. 2026 ஏப்ரலுக்குப் பின் 0.2. அந்த 2.75 லிட்டர் ஆவியை 0.5 பிபிஎம் அளவுக்கு நீர்க்கச் செய்ய 5,500 கன மீட்டர் சுத்தமான காற்று வேண்டும். அதே அறையைப் போல் தொண்ணூற்றுச் சொச்சம் அறைகளின் காற்று அது. ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டலாம்.

நூற்றில் ஒரு பங்கு என்பதும் மிகையான எண் அல்ல. இன்று பெட்ரோல் பங்க்கில் விற்கும் பிஎஸ்-6 பெட்ரோலில் பென்சீன் கன அளவில் 1 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு. கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கையாலேயே கழுவும் மெக்கானிக் இந்தக் கணக்கின் நடுவில்தான் நிற்கிறார்.

பென்சீனை யாரும் வேண்டுமென்று தின்னரில் ஊற்றுவதில்லை. டொலுயீன், சைலீன், ஹெக்சேன், நாப்தா எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. சுத்திகரிப்பு மட்டமாக இருந்தால் பென்சீன் கூடவே வரும். உயர்தர டொலுயீனில் அது மிகச் சொற்பம். கேனில் சில்லறையாக அளந்து விற்கும் தின்னரில், செருப்புப் பட்டறை ரப்பர் சொல்யூஷனில் எவ்வளவு என்பது லேபிளே இல்லாதபோது தெரிய வழியில்லை. மூக்கை நம்பவும் முடியாது. டொலுயீனும் பியூட்டைல் அசிடேட்டும் வீசும் வாசத்தில் பென்சீனின் வாசம் அமுங்கிவிடும். தனியாக இருந்தாலும் பென்சீன் மணக்கத் தொடங்குவது மேலே சொன்ன வரம்புகளைத் தாண்டிய பிறகுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

பென்சீன் தானாக டிஎன்ஏவைத் தாக்குவதில்லை. உடம்புதான் அதை ஆபத்தான பொருளாக மாற்றுகிறது. மூச்சில் போன பென்சீனைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2இ1 என்ற நொதி ஆக்ஸிஜனேற்றுகிறது. பென்சீன் ஆக்ஸைடு, அதிலிருந்து ஃபீனால், அதிலிருந்து ஹைட்ரோகுவினோன், கேட்டிகால் என்று வரிசையாக உருமாற்றம். ஹைட்ரோகுவினோன் இரத்தத்தோடு எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கிறது. மஜ்ஜையில் வெள்ளணுக்கள் உருவாகும் செல்களில் மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதி நிறைய இருக்கும்; கிருமிகளைக் கொல்வதற்காக உடம்பு வைத்திருப்பது. அந்த நொதி ஹைட்ரோகுவினோனைப் பென்சோகுவினோனாக மாற்றிவிடுகிறது. பென்சீன் நோய் ஏன் நுரையீரலை விட்டுவிட்டு இரத்தத்தில் வருகிறது என்பதற்கான விடை பெருமளவு இங்கே இருக்கிறது.

பென்சோகுவினோன் இரண்டு வேலைகளைக் கெடுக்கிறது. டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்க அதை வெட்டி மறுபடி ஒட்டும் டோப்போஐசோமரேஸ்-2 என்ற நொதி ஒன்று உண்டு. பென்சோகுவினோன் அதன் வேலையைக் குலைக்கும்போது வெட்டு வெட்டாகவே நின்றுவிடும். குரோமோசோம் உடையும், உடைந்த துண்டு வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். இரண்டாவது, செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர் இழைகளின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒரு குரோமோசோம் முழுசாக வழி தவறுகிறது; ஒரு மகள் செல்லில் ஒன்று கூடும், மற்றதில் ஒன்று குறையும். அதிக அளவு பென்சீனில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களின் லிம்போசைட்டுகளில் (இரத்தத்தில் உள்ள ஒரு வகை வெள்ளணு) 5, 7, 8, 21 ஆகிய குரோமோசோம்களில் இத்தகைய மாற்றங்கள் கூடியிருப்பதை 1998-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. இரத்தப் புற்றுநோயில் மீண்டும் மீண்டும் தென்படும் குரோமோசோம்களும் இவையே.

எல்லோருக்கும் ஒரே அளவில் பாதிப்பு வராது. குவினோனை மறுபடி சாதுவாக்கும் என்க்யூஓ1 என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. ஷாங்காய் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில் (1997), சிஒய்பி2இ1 வேகமாகவும் என்க்யூஓ1 இல்லாமலும் இருந்தவர்களுக்குப் பென்சீன் நச்சு ஏற்படும் வாய்ப்பு 7.6 மடங்கு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எவருக்கும் பாதுகாப்பு ஆகாது. மது சிஒய்பி2இ1-ஐ அதிகமாக்கும். வேலை முடிந்ததும் குடிக்கும் வழக்கம் இந்த ஆபத்தின் மேல் இன்னொன்றை அடுக்குகிறது.

"மரபணு பாதிப்பு" என்றதும் பிள்ளைகளுக்குப் போய்விடுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். இரத்தத்திலும் மஜ்ஜையிலும் காணும் சேதம் அந்த ஆளோடு முடிவது. விந்தணு, கருமுட்டை வழியாகப் போனால்தான் பிள்ளைக்குப் போகும். பரிசோதனையில் லிம்போசைட்டில் நுண்கரு (குரோமோசோம் சேதத்தின் அடையாளம்; பின்னால் விளக்குகிறேன்) கூடுதலாக இருக்கிறது என்றால் குழந்தைக்குக் குறை வரும் என்று அர்த்தமே இல்லை. அதே சமயம், பென்சீனில் வேலை செய்த சீன ஆண்களின் விந்தணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை அதிகம் இருந்ததை 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்க வரம்பான 1 பிபிஎம்முக்கு அருகிலும் அது தெரிந்தது. பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடும் ஆணும் பெண்ணும் இந்த வேலையிலிருந்து விலகி நிற்பதே சரி.

இஸ்தான்புல், மிலான், தியான்ஜின்

துருக்கியின் இஸ்தான்புல் செருப்புப் பட்டறைகளில் பென்சீன் கலந்த பசை புழங்கிய காலத்தில் முசாஃபர் அக்சோய் என்ற இரத்தநோய் மருத்துவர் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்தார். 28,500 செருப்புத் தொழிலாளர்களில் 1967 முதல் 1973 வரை 26 பேருக்குக் கடுமையான இரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வந்ததை 1974-ல் வெளியிட்டார். காற்றோட்டமில்லாத சிறு அறைகள், திறந்த பசை டப்பா, கையால் பூசுவது. நம் ஊர்ச் செருப்புப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்குக் காட்சி புதிதாக இருக்காது.

இத்தாலி 1963-ல் மையிலும் பசையிலும் பென்சீனுக்குத் தடை போட்டது. அங்கே கிராவூர் (குழி உருளை அச்சு) அச்சகத் தொழிலாளர்களின் குரோமோசோம்களை மிலானின் அலெஸ்ஸாண்ட்ரா ஃபோர்னியின் குழு ஆராய்ந்து 1971-ல் எழுதியது இன்றைக்கும் பாடம். பென்சீனில் வேலை செய்தவர்களுக்கு, அதைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் உடைந்த, இடம் மாறிய குரோமோசோம்கள் தென்பட்டன. டொலுயீனில் மட்டும் வேலை செய்தவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் இல்லை. "கரைப்பான்" என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. டொலுயீன் நரம்பைக் கெடுக்கும், கருவைப் பாதிக்கும். அதைச் சாதுவான பொருள் என்று சொல்லவில்லை. ஆனால் குரோமோசோமை உடைக்கிறது என்ற குற்றச்சாட்டில் அதன் பங்கு சிறியது. டொலுயீன் தொழிலாளர்களிடம் சேதம் கண்ட ஆய்வுகளைப் படிக்கும்போது அதில் பென்சீன் கலப்பு அளக்கப்பட்டதா, புகைப்பழக்கம் பிரித்துப் பார்க்கப்பட்டதா என்று முதலில் தேடுங்கள்.

பழைய கதை என்று ஒதுக்குபவர்களுக்கு: சீனாவின் தியான்ஜினில் 250 செருப்புத் தொழிலாளர்களையும் 140 மற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-ல் வந்தது. 1 பிபிஎம்முக்குக் கீழே இருந்தவர்களுக்கும் வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருந்தன.

பென்சீன் இல்லை என்றாலும் கதை முடிவதில்லை. ஜப்பானில் ஒசாகாவின் ஓர் அச்சகத்தில், ஆஃப்செட் பிளாங்கெட்டை (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) துடைக்க 1,2-டைகுளோரோபுரோப்பேன் பயன்படுத்திய தொழிலாளர்களில் 17 பேருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. பலர் இள வயதினர். ஜப்பான் அரசு 2013-ல் அதைத் தொழில்நோயாக ஏற்றது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி 2014-ல் அந்தப் பொருளை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில், சேர்த்தது. அந்தப் புற்றுக்கட்டிகளின் டிஎன்ஏவில் வழக்கத்தைவிட மிக அதிகமான பிறழ்வுகள் இருந்தன. சிவகாசியில் பிளாங்கெட் வாஷ் என்று டிரம்மில் வருவதன் உள்ளடக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டியதற்கு இந்த ஒரு காரணம் போதும். டிரைகுளோரோஎத்திலீனும் முதல் வகுப்பு. அது சிறுநீரகத்தில் போய் மாறி அங்கே தாக்குகிறது. ஃபைபர் கிளாஸ் வேலையில் வரும் ஸ்டைரீன் கல்லீரலில் ஸ்டைரீன் ஆக்ஸைடாகி டிஎன்ஏவோடு நேரடியாக ஒட்டுகிறது. பெயிண்டர் தொழிலையே ஐஏஆர்சி முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

பரிசோதனைகள்: எது எதைச் சொல்கிறது

கல்லூரி ஆய்வுகளில் பெட்ரோல் பங்க் ஊழியர்களும் பெயிண்டர்களும் அடிக்கடி வருகிறார்கள். அதில் பாதிக்குப் பாதி உழைப்பு மாதிரி எடுக்கும் கட்டத்திலேயே வீணாகிறது. அதனால் இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன்.

குரோமோசோம் பிறழ்ச்சிச் சோதனைக்கு இரத்தத்தைச் சோடியம் ஹெப்பாரின் குழாயில் எடுக்க வேண்டும். சாதாரண ஆய்வகங்களில் கைக்கு வருவது ஊதா மூடி இடிடிஏ குழாய்தான். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் செல்கள் வளர்ப்பில் சரியாகப் பிரியாது. 5 மி.லி. வளர்ப்பு ஊடகத்தில் 0.5 மி.லி. இரத்தம், லிம்போசைட்டுகளைப் பிரியத் தூண்ட பைட்டோஹீமக்ளுட்டினின், 37 டிகிரி. 46-ஆம் மணியில், செல் பிரிவை நடுவில் நிறுத்தும் கோல்செமிட் போட்டு 48-ல் நிறுத்துகிறோம். பிறகு 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் செல்களை ஊதவைத்து, 3 பங்கு மெத்தனால், 1 பங்கு அசிட்டிக் அமிலத்தில் பதப்படுத்துவது. 48 மணி என்பது வசதிக்காக வைத்த நேரம் அல்ல. முதல் பிரிவில் உள்ள செல்களைப் பிடிக்க வேண்டும். 72 மணி வரை விட்டால் டைசென்ட்ரிக் (இரு மையம் கொண்ட குரோமோசோம்), வளையம், துண்டு போன்றவற்றைச் சுமந்த செல்கள் இரண்டாம் பிரிவுக்குள் கழிந்துபோய், பாதிப்பு குறைவாகத் தெரியும். ஒருவருக்குக் குறைந்தது 100, முடிந்தால் 200 மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் கட்டத்தில் நின்ற செல்) பார்க்க வேண்டும்.

நுண்கருச் சோதனையில் நேரம் வேறு. உடைந்த துண்டோ வழி தவறிய குரோமோசோமோ பிரியும் செல்லில் பிரதான உட்கருவுக்கு வெளியே தனியாக ஒரு சிறு உருண்டையாக நின்றுவிடும், அதுதான் நுண்கரு. ஒரே ஒரு முறை பிரிந்த செல்லை அடையாளம் காண மைக்கேல் ஃபெனெக் 1985-ல் நல்ல வழி தந்தார்: 44-ஆம் மணியில் சைட்டோகலாசின்-பி போட்டால் உட்கரு இரண்டாகும், செல் இரண்டாகாது. இரட்டைக் கரு செல்லை மட்டும் எண்ணினால் போதும். முழு இரத்த வளர்ப்புக்கு மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம். 72 மணியில் அறுவடை. நுண்கருவின் விட்டம் பிரதான உட்கருவில் 16-ல் ஒன்றுக்கும் 3-ல் ஒன்றுக்கும் இடையில், அதே நிறச் செறிவில், அதோடு ஒட்டாமல் இருக்க வேண்டும்.

எத்தனை செல் எண்ணுவது என்பதில் சமரசம் கூடாது. பல நாட்டு ஆய்வகங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில் பாதிப்பில்லாதவர்களின் நடு அளவு ஆயிரம் செல்லுக்கு 6.5 நுண்கரு, சாதாரணமாகவே 3 முதல் 12 வரை ஆடும். 200 செல் மட்டும் எண்ணினால் ஒருவருக்கு 1 வரும், இன்னொருவருக்கு 3 வரும். அதை வைத்து "மூன்று மடங்கு சேதம்" என்று எழுதுவது தவறு. குறைந்தது 1,000, நல்லது 2,000.

டிஎன்ஏ உடைப்பை நேரடியாகப் பார்க்கும் காமெட் சோதனை விரைவானது, அதனாலேயே பிரபலமானது. நரேந்திர சிங்கின் குழு 1988-ல் தந்த காரமுறைதான் இன்று பெரும்பாலும் புழக்கத்தில். செல்களைக் குறைந்த வெப்பத்தில் உருகும் அகரோஸில் பதித்து, 2.5 மோலார் உப்பும் இடிடிஏவும் டிரைட்டானும் சேர்ந்த பி.எச். 10 கரைசலில் 4 டிகிரியில் குறைந்தது ஒரு மணி நேரம் கரைத்து, பி.எச். 13-க்கு மேல் உள்ள காரத்தில் 20 முதல் 40 நிமிடம் அவிழவிட்டு, சென்டிமீட்டருக்கு 1 வோல்ட்டுக்குள் மின்புலம் கொடுக்கிறோம். உடைந்த டிஎன்ஏ வால் போல் நீளும். இது காட்டுவது பெரும்பாலும் சில மணி முதல் சில நாள் வரையிலான, செல் இன்னும் பழுது பார்க்காத சேதம். திங்கள் காலையில் விடுப்பு முடிந்து வந்தவரிடம் எடுத்த மாதிரியையும் சனி மாலை வேலை முடித்தவரிடம் எடுத்ததையும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். இரத்தத்தைக் குளிரிலும் இருட்டிலும் கொண்டுவர வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் வந்த மாதிரிக்கு வால் நீளமாகத்தான் இருக்கும். அதற்கும் தின்னருக்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு மின்னோட்டத் தொகுதியிலும் இரு தரப்பு மாதிரிகளையும் கலந்து வையுங்கள். ஒரு நாள் பெயிண்டர்கள், மறுநாள் ஒப்பீட்டாளர்கள் என்று ஓட்டினால் நாளின் வேறுபாடு தொழிலின் வேறுபாடாகத் தெரியும்.

கன்னத்தின் உட்புறச் செல்லைச் சுரண்டி எடுக்கும் சோதனைக்கு ஊசி வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் ஜீம்சா சாயம் போடாதீர்கள். கெரட்டோஹையலின் துகளும் வாய்க் கிருமியும் அதில் நுண்கரு போலவே நிறமேறும். டிஎன்ஏவை மட்டும் பிடிக்கும் ஃபியூல்கன் சாயமே சரி. பான், குட்கா, புகையிலை மெல்பவர்களுக்கு இந்தச் சோதனையில் எண்ணிக்கை கூடும்; அவர்களைப் பிரிக்காமல் கலந்தால் ஆய்வே போச்சு. மேலும், அடித்தளத்தில் உண்டான நுண்கரு மேற்பரப்புக்கு வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். பென்சீன் முதன்மையாகத் தாக்குவது மஜ்ஜையை என்பதால், அதற்கு இரத்தச் சோதனையே பொருத்தம் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக் குழுவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பெயிண்டர்களைக் கல்லூரி மாணவர்களோடும் அலுவலக ஊழியர்களோடும் ஒப்பிடுகிறார்கள். வயது கூடக் கூட நுண்கரு கூடும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், எக்ஸ் குரோமோசோம் அடிக்கடி தவறுவதால். ஃபோலேட்டும் பி12-உம் குறைந்தாலே நுண்கரு ஏறும்; சரியான சாப்பாடு இல்லாத தினக்கூலிக்கு அது இரட்டிப்புக் காரணம். சமீபத்திய எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், காய்ச்சல், மருந்து எல்லாம் கேட்டு எழுத வேண்டும். அதே தெருவில், அதே வருமானத்தில், கரைப்பான் தொடாத வேலை செய்பவர்தான் சரியான இணை. சிலைடுகளுக்குக் குறியீட்டு எண் போட்டு, யாருடையது என்று தெரியாமல் எண்ண வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இந்தச் சோதனைகள் எதுவும் தனி ஒருவரிடம் "உனக்குப் புற்றுநோய் வரும்" என்று சொல்லாது. நுண்கருவும் குரோமோசோம் பிறழ்ச்சியும் அதிகமுள்ள குழுவில் பின்னாளில் புற்றுநோய் அதிகம் என்பது பெரிய தொடர் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அது குழுவுக்கான கணிப்பு. அறிக்கையைத் தொழிலாளியின் கையில் விளக்கமில்லாமல் கொடுத்து அனுப்புவது கொடுமை. அதை வைத்து அவரை வேலையிலிருந்து நிறுத்துவது அதைவிடக் கொடுமை.

காற்று, சிறுநீர், சாதாரண இரத்த எண்ணிக்கை

காற்றை அளக்காமல் குரோமோசோமை மட்டும் எண்ணிய ஆய்வுக்கு மதிப்பு பாதிதான். சட்டைக் காலரில் கரித்தூள் குழாய், இடுப்பில் நிமிடத்துக்கு 0.2 லிட்டருக்கு மிகாமல் இழுக்கும் சிறு பம்பு. குழாயில் முன்னே 100 மி.கி., பின்னே 50 மி.கி. கரி. பின் பகுதியில் சிக்கியது முன் பகுதியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் குழாய் நிரம்பி வழிந்திருக்கிறது. அந்த அளவு உண்மையைவிடக் குறைவு.

சிறுநீரில் பென்சீனுக்கு எஸ்-ஃபீனைல் மெர்காப்டூரிக் அமிலம்தான் நம்பகமானது. மியூகானிக் அமிலம் மலிவு, ஆனால் கெடாமல் இருக்கச் சோர்பேட் சேர்த்த உணவு தின்றாலும் அது வரும். அதேபோல் டொலுயீனுக்கு ஹிப்பூரிக் அமிலம் பார்ப்பது பழைய பழக்கம். குளிர்பானத்திலும் பாட்டில் ஊறுகாயிலும் உள்ள பென்சோயேட்டே அதை ஏற்றிவிடும். ஆர்த்தோ கிரீசால் பார்ப்பது மேல். எல்லாமே ஷிஃப்ட் முடிந்ததும் எடுக்கும் மாதிரி; சிகரெட் பிடிப்பவரா என்பது கட்டாயக் கேள்வி, புகையிலேயே பென்சீன் இருக்கிறது. சிறுநீர் எவ்வளவு நீர்த்தது என்று காட்டும் கிரியேட்டினின் லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராமுக்குள் இல்லாவிட்டால் மாதிரியை நிராகரியுங்கள். டொலுயீன் நிறைய இருக்கும் இடத்தில் பென்சீன் உடைவதே தாமதமாகும் என்பதால் சிறுநீர் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம்.

இவை எதுவும் சிறு பட்டறைக்கு எட்டாது. எட்டக்கூடியது சிபிசி என்னும் சாதாரண இரத்த எண்ணிக்கை. வேலையில் சேரும்போது ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று, பிரிவு வாரி எண்ணிக்கையோடு. அமெரிக்கப் பென்சீன் விதி சொல்லும் எல்லைகள் நடைமுறைக்கு உதவும்: வெள்ளணு கன மில்லிமீட்டருக்கு 4,000-க்குக் கீழ், அல்லது தட்டணு கடந்த முறையைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவு, அல்லது ஹீமோகுளோபின் தொடர்ந்து இறக்கம் என்றால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும், அப்போதும் அப்படியே இருந்தால் வேலையை நிறுத்தி இரத்தநோய் மருத்துவரிடம் போக வேண்டும். "நார்மல் ரேஞ்சுக்குள் இருக்கிறது" என்று ஆய்வக அச்சு சொல்வதைவிட, அதே ஆளின் பழைய எண்ணோடு ஒப்பிடுவது முக்கியம். 3.8 லட்சமாக இருந்த தட்டணு 2 லட்சமாகியிருந்தாலும் அச்சில் நார்மல் என்றுதான் இருக்கும்.

பட்டறையில் மாற்ற வேண்டியது

முதலில் டப்பா. பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். மூன்றாம் பகுதியில் உள்ளடக்கம் இருக்கும். பெயர்கள் ஏமாற்றும், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள சி.ஏ.எஸ். எண் ஏமாற்றாது. 71-43-2 பென்சீன், 79-01-6 டிரைகுளோரோஎத்திலீன், 78-87-5 டைகுளோரோபுரோப்பேன்: இவற்றில் எது இருந்தாலும் வாங்க வேண்டாம். 108-88-3 டொலுயீன், 1330-20-7 சைலீன். தாள் தர மறுக்கும் கடையில் தின்னர் வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. மாதத்துக்குச் சில நூறு ரூபாய் கூடும், கூடட்டும்.

அடுத்து காற்று. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனம்; பென்சீன் 2.7 மடங்கு, டொலுயீன் 3.2, சைலீன் 3.7. சுவரின் உச்சியில் எக்சாஸ்ட் வைத்தால் தரையோடு கிடக்கும் ஆவி வேலை செய்பவரின் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகும். உறிஞ்சும் வாய் வேலை நடக்கும் உயரத்திலோ கீழோ இருக்கட்டும். சுத்தக் காற்று ஆளின் முதுகுப் பக்கமிருந்து வந்து பொருளைத் தாண்டி வெளியேறட்டும். ஸ்பிரே பூத்தின் முகப்பில் நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்பது பொது அளவு. உறிஞ்சும் குழாயைப் பக்கத்தில் வையுங்கள்: குழாயின் விட்டம் அளவு தள்ளிப் போனாலே இழுப்பு வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். சாதாரண மோட்டாரின் பொறி டொலுயீன் ஆவியைப் பற்றவைக்கும் என்பதால் தீப்பொறி வெளிவராத மோட்டார்தான் போட வேண்டும்.

முகத்தில் கட்டும் துணியும் என்95-உம் தூசிக்கு. ஆவி அவற்றினூடே அப்படியே போகும். வேண்டியது கரிம ஆவிக்கான கரித்தூள் கார்ட்ரிட்ஜ், ஸ்பிரேக்கு அதன்மேல் துகள் வடிகட்டி. கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனால் இரவு முழுக்க அறையின் ஆவியைக் குடித்து மறுநாள் காலையில் பாதி தீர்ந்திருக்கும். மூடிய ஜிப் பையில் போட்டு அறைக்கு வெளியே வையுங்கள். வாசம் வரும்வரை மாற்றாமல் இருப்பது தவறு. உபயோகித்த மணி நேரத்தைக் கார்ட்ரிட்ஜின் மேலேயே எழுதி, கணக்கு வைத்து மாற்ற வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. டைகுளோரோமீத்தேன் உள்ள பெயிண்ட் ரிமூவருக்கு இந்தக் கார்ட்ரிட்ஜ் மிகச் சீக்கிரம் தோற்றுவிடும். காருக்கு அடிக்கும் 2கே (ஹார்டனர் கலக்கும்) பெயிண்டின் ஐசோசயனேட்டுக்கும் குழாய் வழியே வெளிக்காற்று தரும் மாஸ்க்தான்.

கையுறையில் எல்லோரும் தவறுகிறார்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையை டொலுயீன் சில நிமிடங்களில் கடந்துவிடும். அசிட்டோன் இன்னும் வேகம். தெறித்தால் உடனே கழற்றி எறிய அது உதவும், தின்னருக்குள் கைவிட உதவாது. கை முழுக்க நனையும் வேலைக்குப் பல அடுக்குப் படலக் கையுறை வேண்டும். அசிட்டோன், எம்.இ.கே. (மீத்தைல் எத்தில் கீட்டோன்) போன்றவற்றுக்குப் பியூட்டைல் ரப்பர். பாலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொள்வது பலனற்றது.

எல்லாவற்றையும்விட மலிவான மாற்றம்: வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவுவதை இன்றே நிறுத்துவது. தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, துணியால் துடைத்து, சோப்புப் போட்டால் பெயிண்டும் மையும் போகும். பெட்ரோலை டியூபில் வாய் வைத்து உறிஞ்சுவதற்குப் பதில் கைப் பம்பு. நனைந்த வேஸ்ட் துணிக்கு மூடியுள்ள தகர டின். பாலும் வெல்லமும் பென்சீனை வெளியேற்றா. கீரை தின்பது நல்லது, அது ஃபோலேட்டுக்காக, மாஸ்க்குக்குப் பதிலாக அல்ல.

18 வயது ஆகாத "ஹெல்பர்" பையன்களையும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் பென்சீன் உள்ள வேலையில் வைக்கக் கூடாது என்பது 1971-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 136-ஆம் உடன்படிக்கை. இந்தியா அதை 1991-ல் ஏற்றிருக்கிறது. வளரும் மஜ்ஜையைத் தின்னர் அறைக்குள் அனுப்ப எந்தச் சம்பளமும் நியாயம் ஆகாது.

பென்சீனால் வரும் நோய், இழப்பீடு பெறத் தக்க தொழில்நோய்களின் சட்ட அட்டவணையில் இருக்கிறது. கேட்டுப் பெறத் தடையாக நிற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாமைதான். நோய் வர ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் பட்டறை மூடியிருக்கும், முதலாளி மாறியிருப்பார். ஆகவே தொழிலாளி தானே ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தப் பட்டறை, என்ன பெயிண்ட், எந்தத் தின்னர், நாளுக்கு எத்தனை லிட்டர், உள்ளறையா திறந்தவெளியா, என்ன மாஸ்க். டப்பா லேபிளைச் செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். ஒவ்வொரு ஆண்டின் சிபிசி அச்சையும் அதே நோட்டில் ஒட்டுங்கள். ஆய்வகம் தரும் வெப்பத்தாள் அச்சு இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும் என்பதால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.